நான்கு காலுறையும் ஒரு பூண்டுச் சட்டியும்

டெல்ஃபினாவுக்கு வாய் நீளம். “போட்டியில கடைசியா வராம இருந்தாலே போதும்டா, திராட்சைக் கொடிகளை விட்டுடு” என்று கேட்டிருந்தால் தம்பி செகொண்டோ தலையாட்டிவிட்டுப் போயிருப்பான். அவனும் அரக்கனில்லை. ஆனால் அன்று சமையலறையில் அவள் ஊற்றிக் கொடுத்த ஒயினை ஒரு மடக்குக் குடித்துவிட்டு முகத்தைக் கோணினான்.

“ஸ்ட்ராபெரி தின்னுட்டுத் துருப்பிடிச்ச ஆணிய நக்குன மாதிரி இருக்குக்கா.”

அவ்வளவுதான்.

“ஞாயித்துக்கிழமை பாருடா! என் ஃப்ரெய்சா ஒயின்தான் முதல்ல வரும். வரலேன்னா மறுநாளே பொக்லைனைக் கொண்டாந்து அத்தனை கொடியையும் புடுங்கிக்கோ!”

“சத்தியமா?”

“அப்பா கல்லறை மேல சத்தியம்!”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவள் காதில் விழுந்தது. போன வருடம் அந்த ஒயின் கடைசி. அதற்கு முந்தைய வருடமும் கடைசி. செகொண்டோ அப்போதே கைபேசியை எடுத்துப் பொக்லைன்காரனைக் கூப்பிட்டுவிட்டான்.

வீட்டுக்குப் பின்னால் சரிவாக இறங்கும் அந்த நிலம் அக்காவுக்கும் தம்பிக்கும் பொது. அதில் பாதியில் செகொண்டோ ஏற்கெனவே ஹேசல் மரங்களை வைத்திருந்தான், மீதியில் அக்காவின் ஃப்ரெய்சா திராட்சை. ஹேசல் கொட்டைக்குச் சாக்லேட் கம்பெனி லாரி வாசலுக்கே வரும். ஃப்ரெய்சாவுக்கு யாரும் வருவதில்லை. அடுத்த மலையில் விளையும் பரோலோ ஒயின் என்றால் உலகமே எழுந்து நிற்கும். இத்தாலியில் இந்தப் பக்கத்து மான்ஃபெராட்டோ குன்றுகளில் விளையும் நாலைந்து சிவப்பு ஒயின்களின் பெயரைச் சொன்னால், ஏதோ இருமல் மருந்து என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்தக் குறையைப் போக்கத்தான் ஊர்ச் சங்கத்துத் தலைவி எர்சிலியா இந்த வருடம் மிலானிலிருந்து ஒரு பெரிய மூக்கை வரவழைத்திருந்தாள். மூக்கின் பெயர் டாக்டர் கலெயாட்சோ ப்ராமியெரி. அந்த ஊரில் பட்டம் வாங்கியவன் எவனும் டாக்டர்தான், ஊசி போடத் தெரிய வேண்டியதில்லை. இவர் ஒயினை முகர்ந்து பார்த்துப் பத்திரிகைகளில் எழுதுகிறவர். ஒரு கிளாஸ் ஒயினுக்குள் இவர் கண்டுபிடிக்கிற சாமான்களை வைத்து ஒரு மளிகைக் கடையே நடத்தலாம்.

வருவதற்கு முன்பே போனில் கட்டளைகள் வந்தன. போட்டி நடக்கும் மண்டபத்தில் செண்ட் கூடாது. முகச் சவரம் செய்தபின் தடவும் தண்ணீர் கூடாது. பூக்கள், உதட்டுச் சாயம், காபி எதுவும் கூடாது. மண்டபத்துக்கு ஒட்டினாற்போல் கோயில் இருக்கிறதா? அப்படியானால் காலைப் பூசையில் சாம்பிராணி வேண்டாம். ஊர் நடுங்கிப்போய்க் கீழ்ப்படிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை கடவுளுக்கே புகை கிடைக்கவில்லை.

ஒயினின் நிறம் பொய் சொல்லும் என்பது டாக்டரின் கொள்கை. அதனால் கறுப்புக் கண்ணாடிக் கிளாஸ்களை ஒரு பெட்டி நிறையத் தானே கொண்டுவருவதாகச் சொன்னார். குடிப்பவன் உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாது. பாட்டில்களுக்கு எர்சிலியா நான்கு கம்பளிக் காலுறைகளை மாட்டிவிட்டாள்: சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. எந்தக் காலுறைக்குள் எது என்பது அவளுக்கு மட்டும் தெரியும். ரோஜா மணக்கும் ருக்கே ஒன்றில், மிளகு காட்டும் பெலவெர்கா ஒன்றில், வெளுத்த நிறத்தை வைத்துச் சாது என்று நம்பியவனின் நாக்கைப் பிராண்டும் கிரிஞ்ஞோலினோ ஒன்றில், டெல்ஃபினாவின் ஃப்ரெய்சா ஒன்றில். பூசை முடிந்ததும் ஊர் கூடிக் குடிக்க வேண்டும். ஆளுக்கொரு கார்க். பிடித்த பாட்டிலுக்கு முன்னால் அதை வைக்க வேண்டும்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒன்றே ஒன்றைத் தவிர.

நவம்பர் ஞாயிறு என்றால் அந்த மண்டபத்தில் பாஞ்ஞா கவ்தா உண்டு. ஆலிவ் எண்ணெயில் கூடை கூடையாகப் பூண்டும் உப்பு நெத்திலியும் கரைந்து கூழாகும்வரை காலையிலிருந்தே மண்சட்டிகளில் கொதிக்க, அதில் குடைமிளகாயையும் கார்டோ என்ற கீரையின் தடித்த தண்டையும் முட்டைக்கோஸையும் முக்கித் தின்பார்கள். மூடுபனி இறங்கும், சட்டி ஏறும், அதில் யோசிக்க என்ன இருக்கிறது? செண்டைத் தடுத்தார்கள், பூவைத் தடுத்தார்கள், சாம்பிராணியைத் தடுத்தார்கள். சட்டியை அணைக்க வேண்டும் என்று அந்த ஊரில் ஒரு ஜீவனுக்கும் தோன்றவில்லை.

டாக்டர் கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து வந்த காற்று அவரை ஓர் அடி பின்னால் தள்ளியது.

“என்ன இது?” என்றார்.

“எது டாக்டர்?” என்றாள் எர்சிலியா.

“இந்த வாசனை!”

எர்சிலியா நாலு பக்கமும் உண்மையாகவே முகர்ந்து பார்த்தாள். “ஒண்ணும் இல்லையே. நீங்க சொன்னபடி செண்டு போட்ட ஒருத்தியை வாசல்லயே திருப்பி அனுப்பிட்டோமே.”

“பூண்டு, அம்மா! பூண்டு!”

“அதுவா?” எர்சிலியாவுக்கு நிம்மதி. “பூண்டெல்லாம் ஒரு வாசனையா டாக்டர்? நான் பயந்தே போயிட்டேன்.”

வேறு யாராவது என்றால் திரும்பிப் போயிருப்பார்கள். அல்லது ‘இதில் என் மூக்கு வேலை செய்யாது’ என்று ஒப்புக்கொண்டிருப்பார்கள். மூக்கை வைத்தே பெயர் வாங்கியவர் அதை எப்படிச் சொல்வார்? டாக்டர் நிமிர்ந்து நடந்து மேசைக்கு வந்தார். சிவப்புக் காலுறையிலிருந்து ஊற்றினார்கள். கறுப்புக் கிளாஸைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடினார். மண்டபம் மூச்சை அடக்கியது. அது அவருக்கும் உதவியாக இருந்திருக்கும்.

“ஈரமான குதிரைச் சேணம்” என்றார். “பூட்டிக் கிடந்த நூலகம். மழை விட்ட பிறகு வயலட் பூ.”

ஊர் தலையாட்டியது. டெல்ஃபினாவும் பதற்றத்தோடு தன் கிளாஸுக்குள் மூக்கை நுழைத்தாள். பூண்டு. சுற்றிப் பார்த்தாள். எல்லார் முகத்திலும் பூண்டு. ஆனால் எல்லாரும் குதிரையைக் கண்டுகொண்டவர்கள் மாதிரி நின்றார்கள்.

மஞ்சள் வந்தது. “ஆ! ரோஜா!” டாக்டரின் குரல் உயர்ந்தது. “இது ருக்கே. என் பெயரையே பந்தயம் கட்டுகிறேன்!” ருக்கே பயிரிடும் குடும்பத்தார் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். அடுத்தது நீலம். அதில் ஒரு பழைய தேவாலயமும் கொஞ்சம் புகையிலையும் இருந்தன.

டெல்ஃபினா நீலத்தை வாயில் வைத்தாள். நாக்கில் நறுக்கென்று ஒரு பிராண்டல். அவளுடைய நெஞ்சு குதித்தது. ஆணி! இதுதான் அந்த ஆணி! ஒரு வாரமாகத் தம்பி சொன்ன ஆணி அவள் தலைக்குள் ஏறி உட்கார்ந்திருந்தது. தன் ஒயினைத் தேட வேண்டியவள் அந்த ஆணியைத்தான் தேடினாள். பச்சையைப் பெயருக்கு ஒரு சொட்டு நனைத்துப் பார்த்துவிட்டு, ஓடிப்போய் நீலத்துக்கு முன்னால் கார்க்கை வைத்தாள். பிறகு கூட்டத்துக்குள் புகுந்து தெரிந்தவர், தெரியாதவர், தூரத்து உறவு எல்லாரையும் இடிக்கத் தொடங்கினாள்.

“நீலம் பாத்தியா? நீலத்துல என்னமோ இருக்குல்ல?”

“என்ன இருக்கு?”

“என்னமோ இருக்குடி! போய் வை!”

இதற்குள் டாக்டரின் முகம் வெளிறியிருந்தது. வெறும் வயிறு. மிலானிலிருந்து கிளம்பும்போது நாக்கு கெட்டுவிடும் என்று ரொட்டிகூடச் சாப்பிடவில்லை. எர்சிலியாவுக்கு இந்தமாதிரி முகத்தைக் கண்டால் ஆகாது. ஒரு குடைமிளகாய்த் துண்டைச் சட்டியில் நன்றாக முக்கி, எண்ணெய் சொட்டச் சொட்ட அவர் வாய்க்கு நேராக நீட்டினாள்.

“அம்மா, நான் வேலையில் இருக்கிறேன்.”

“வேலையை யாரு தூக்கிட்டுப் போறா? வாயைத் திறங்க.”

திறந்தார். மென்றார். மெல்வது நின்றது. பிறகு வேகமாக மென்றார். தானே ஒரு கார்டோ தண்டை எடுத்து முக்கினார். இன்னொன்று. கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். அப்போது பச்சைக் காலுறையிலிருந்து ஊற்றியிருந்ததை, சுழற்றவும் இல்லை, முகரவும் இல்லை, தாகத்தில் தண்ணீர் குடிப்பதுபோல் மடமடவென்று குடித்தார்.

மண்டபம் காத்திருந்தது.

“இன்னும் கொஞ்சம் ஊத்துங்க” என்றார் டாக்டர். மிலான் மரியாதையெல்லாம் எங்கோ போய்விட்டிருந்தது.

“வாசனை என்ன டாக்டர்?” யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்.

டாக்டர் கிளாஸைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். “பூண்டு” என்றார். “வந்ததுலேர்ந்து பூண்டு மட்டும்தான். ஆனா இது இருக்கே, அந்த எண்ணெயையெல்லாம் வழிச்செடுத்துட்டு வாயை மறுபடி புதுசாக்கிடுது. இன்னொரு துண்டு கொடுங்க.”

சிரிப்பில் கூரை ஆடியது. அன்று அவர் சொன்ன முதல் உண்மை அது. அதோடு அவர் கார்க்கும் பச்சைக்கு முன்னால் விழுந்தது.

பிறகு நடந்தது ஒரு கலவரம். எல்லாரும் சட்டியில் முக்கித் தின்றுவிட்டுப் பச்சையைக் குடிக்கப் பாய்ந்தார்கள். கார்க்குகள் பச்சைக்கு முன்னால் குவிந்தன. டெல்ஃபினா நீலத்துக்கு ஆள் பிடித்துக்கொண்டே இருந்தாள். வயதான ஒரு மாமாவின் கையைப் பிடித்து இழுத்தே வைக்கவைத்தாள். கடைசியில் எர்சிலியா எண்ணிவிட்டுக் கையைத் தூக்கினாள்.

“நீலமும் பச்சையும் சமம்! யாரு இன்னும் வைக்கலை?”

செகொண்டோதான். மூலையில் சட்டியைத் தனியாக மடக்கிப்போட்டுத் தின்றுகொண்டிருந்தான். தாடையில் எண்ணெய். கையில் கார்க்.

டெல்ஃபினா அவன் சட்டையைப் பிடித்தாள். “டேய், தம்பி. நீலத்துல வைடா. உனக்கு என்ன வேணும்னாலும் செய்றேன்.”

“ஏன்? நீலம் உன்னுதா?”

“எனக்கு எப்படித் தெரியும்? காலுறை போட்டிருக்குல்ல?”

“அப்புறம் ஏன் இப்படி நடுங்குற?” செகொண்டோ ஒவ்வொரு விரலாக நக்கினான். “நானும் குடிச்சுப் பாத்தேன்க்கா. நீலம் நாக்கைக் கீறுது, அவ்வளவுதான். பச்சை இருக்கே, ஆகா! இந்த நெத்திலிக்குன்னே பிறந்தது. இப்படி ஒண்ணை நீ ஒரு தடவையாவது செஞ்சிருந்தா நான் ஏன் கொட்டை மரம் வைக்கப் போறேன்?”

“செகொண்டோ!”

“நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல?”

டொக்கென்று கார்க்கைப் பச்சைக்கு முன்னால் வைத்தான். டெல்ஃபினா பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். கண்ணுக்கு முன்னால் பொக்லைனின் மஞ்சள் கை சரிவில் இறங்கி, வேரோடு கொடிகளை அள்ளியது.

எர்சிலியா தோற்றவர்களின் காலுறைகளை முதலில் உருவினாள். சிவப்புக்குள் ருக்கே. “அப்போ சேணம்?” என்றது ருக்கே குடும்பம். மஞ்சளுக்குள் பெலவெர்கா. எல்லாரும் டாக்டரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“ரோஜாத் தோட்டத்துக்குப் பக்கத்துல மிளகும் இருக்கலாம்” என்று வாய் நிறைய முட்டைக்கோஸோடு சொன்னார் டாக்டர்.

நீலக் காலுறையின் நுனியை எர்சிலியா பிடித்தாள். டெல்ஃபினா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“கிரிஞ்ஞோலினோ!”

கைதட்டல். டெல்ஃபினா ஒரு கண்ணைத் திறந்தாள். கிரிஞ்ஞோலினோவா? நீலம் கிரிஞ்ஞோலினோ என்றால்... சிவப்பு போயாச்சு, மஞ்சள் போயாச்சு... அவள் எழுந்த வேகத்தில் பெஞ்சின் மறுமுனையில் இருந்த மாமா கீழே சரிந்தார்.

“என்னுது! பச்சை என்னுது! ஐயோ, என் ஃப்ரெய்சா!”

எர்சிலியா காலுறையை உருவுவதற்குள் டெல்ஃபினாவே பாய்ந்து பாட்டிலைப் பிடுங்கி, உருவி, தலைக்கு மேல் சுழற்றினாள். காலுறை பறந்துபோய் ஒரு சட்டிக்குள் விழுந்தது. யாரும் கவலைப்படவில்லை. டாக்டர் அதைக் கார்டோ தண்டால் ஓரமாக ஒதுக்கிவிட்டுத் தொடர்ந்து முக்கினார்.

செகொண்டோ தன் கார்க்கைப் பார்த்தபடி நின்றான். பிறகு மெதுவாக ஏதோ கணக்குப் போட்டான். அவன் முகம் மலர்ந்த விதம் டெல்ஃபினாவுக்குப் பிடிக்கவில்லை.

“அக்கா.”

“என்ன?”

“நீ எதுல வைச்சே?”

“அது எதுக்கு இப்போ? ஜெயிச்சாச்சுல்ல?”

“நீலத்துல வைச்சே. என் சட்டையைப் புடிச்சு நீலம் நீலம்னு கெஞ்சினே.” அவனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. “உன் ஒயினைத் தோக்கடிக்கத்தான் மண்டபம் முழுக்க ஓடினியாக்கா? மாமா கையை வேற முறுக்கினியே!”

“எல்லாம் உன்னாலதாண்டா! ஆணி ஆணின்னு சொல்லிச் சொல்லி என் நாக்கையே கெடுத்துட்டே!” அவள் குரலைத் தாழ்த்தினாள். “வெளிய சொல்லாதே.”

“சொல்லலை.”

“அப்பா மேல சத்தியம் பண்ணு.”

“நம்ம வீட்டுச் சத்தியமெல்லாம் ஆபத்துக்கா” என்று சொல்லிவிட்டுக் கைபேசியை எடுத்தான். “ஹலோ, நாளைக்கு அந்தக் கொடியெல்லாம் புடுங்க வேணாம். இல்ல இல்ல, வண்டியைக் கொண்டா. என் ஹேசல் வரிசைக்குக் கீழே ஒரு மூலையைக் கொத்தித் தரணும். எதுக்கா? பூண்டு போட. இந்த ஒயின் இனிமே தனியா போகாது.”

டெல்ஃபினா அவனைக் கட்டிக்கொள்ளக் கையை நீட்டினாள். அதற்குள் செகொண்டோ பெஞ்சின் மேல் ஏறிவிட்டான்.

“ஊரே கேளுங்க! எங்க அக்கா இருக்காளே...”

அவள் சட்டியில் கிடந்த மிகப் பெரிய கார்டோ தண்டை எடுத்து, எண்ணெயோடு, நெத்திலியோடு, அவன் வாய்க்குள் திணித்தாள். அவன் மென்றான். மென்று முடிக்கும்வரை பேச முடியாது. அவள் அடுத்ததை முக்கித் தயாராக வைத்துக்கொண்டு, மற்றொரு கையால் அவன் கிளாஸில் ஃப்ரெய்சாவை விளிம்புவரை ஊற்றினாள்.