பாலத்தை நம்பிய வரைபடம்

ரூக்சாருக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. முடிச்சூரில் அவள் வீட்டுக்குக் கடைக்கால் காங்கிரீட் போடும் நாள். லீவு கேட்டதற்கு முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதால், தாம்பரம் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் வேலை, ஸ்கேன் செய்த பழைய நில வரைபடத்தை இன்றைய சாட்டிலைட் படத்தின்மேல் சரியாக உட்கார வைப்பது. வரைபடத்தில் உள்ள சில அடையாளங்கள் பூமியில் எங்கே இருக்கின்றன என்று குத்திக் காட்டிவிட்டால், மிச்சத்தைச் சாஃப்ட்வேர் இழுத்துப் பொருத்திவிடும். எல்லைக்கல் சாட்டிலைட்டில் தெரியாது, வெயிலில் தேடி அலையணும். பாலம் பளிச்சென்று தெரியும். முடிச்சூர் வரைபடத்துக்கு அவசரக்காரி பாலத்தைத்தான் குத்தியிருந்தாள். அதனால் வரைபடத்திலிருந்த மழைநீர் வாய்க்கால் அவர்கள் மனைக்குப் பின்னால் ஒதுங்கிப் போனது. தாராளமாகக் கட்டலாம் என்று கணவன் வாஜித்திடம் பெருமையாகச் சொன்னதும் அவள்தான்.

இப்போது சர்வேயர் குமரவேல் இரண்டு எல்லைக்கல்லின் அளவைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். அவற்றைச் சேர்த்ததும் சாஃப்ட்வேர் காட்டும் பொருத்தப் பிழை எகிறியது. கல்லை எவனோ பிடுங்கி நட்டிருப்பான் என்று முதலில் திட்டினாள். எதற்கும் இருக்கட்டுமென்று பாலத்தை நீக்கிப் பார்த்தாள். தெரு, கிணறு, வரப்பு எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தன. வாய்க்கால் நகர்ந்து வந்து அவள் மனைக்கு நடுவில் படுத்துக்கொண்டது.

வாஜித்துக்குப் போன் போட்டாள். பின்னால் காங்கிரீட் மிக்சர் உருளும் சத்தம்.

"ஏங்க, அந்தப் பாலம் எப்பவும் அங்கதான் இருந்துச்சா?"

"பழசு வெள்ளத்துல போயிடுச்சே. புதுச தள்ளிக் கட்டினாங்க. ஊருக்கே தெரியும். இப்ப எதுக்கு அது?"

கூடுவாஞ்சேரியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவளுக்குத்தான் தெரியாது. யாரையும் கேட்கவும் தோன்றவில்லை. தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

"காங்கிரீட் போட வேணாம்ங்க. நான் பாத்தது தப்பு. வாய்க்கால் நம்ம மனைக்குள்ளதான் போகுது."

வாஜித் குரலைத் தாழ்த்தி, இது வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டான்.

கல்லை நீக்கிப் பாலத்தைத் திரும்பச் சேர்த்தால் வாய்க்கால் பழையபடி ஒதுங்கிவிடும். அவள் கை மவுஸ்மேல்தான் இருந்தது. ஆசை இல்லாமல் இல்லை.

"இப்போதைக்கு எனக்கு மட்டுந்தான். மழை வந்தா அதுக்கும் தெரியும்."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே வாஜித் மேஸ்திரியைக் கூப்பிட்டு மிக்சரை நிறுத்தச் சொல்வது கேட்டது.