எலியாஸ் வக்கீலும் ஒரு எதிர்ப்பு ஓட்டும்

1

ஒளிப்பானேன், இந்தக் கதை எனக்குக் கிடைத்தது நியூ ஜெர்சி ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில், எங்கள் அபார்ட்மென்ட் லாண்ட்ரி ரூமில். வருடம் 1997. டிரையர் நின்ற பிறகும் துணி மடிப்பதுபோல் நின்றேன். [‘தற்செயலாகக் காதில் விழுந்தது’ என்று எழுதி அடித்துவிட்டேன்.] பக்கத்து வீட்டு நஞ்சுண்டனும் அவர் மனைவி சாரதாவும் வாக்குவாதத்தில் இருந்தார்கள்.

“யாருங்க அந்த எலியாஸ்? உங்க பெரியப்பா மகனா?”

“வக்கீல், சாரதா. இருநூறு வருஷம் முன்னாடி இதே ஜெர்சியில.”

2

முதல் தொடக்கம்: ‘எலியாஸ் ஓர் ஏழைத் தச்சரின் மகனாகப் பிறந்து...’ வேண்டாம், கொட்டாவி வருகிறது.

(எலியாஸ் என் கற்பனை, சரித்திரத்தில் தேடாதீர்கள்.)

அடிமைகளுக்காகக் கூலி வாங்காமல் வாதாடினார். சட்டசபைக்குப் போனார். விடுதலை பெற்ற கறுப்பர்களின் ஓட்டைப் பறிக்கும் மசோதாவுக்குச் சபையே ‘சரி’ என்றபோது, தனியாக எழுந்து ‘கூடாது’ என்றார். பதவி போயிற்று, வழக்கு கொண்டுவரவும் ஆளில்லை.

மகள் ஓவியாவின் ஸ்கூல் ப்ராஜெக்டுக்காக அவரை நூலகத்தில் பிடித்த நஞ்சுண்டன் விடவேயில்லை. “டாட், இட்ஸ் ஓவர்!” என்றாள் ஓவியா. அவருக்கு அப்போதுதான் ஆரம்பம்.

3

எங்கள் தமிழ்ச் சங்கத்தில் தேர்தல் என்பதே கிடையாது. எல்லாம் ஏகமனது, கைதட்டினால் தீர்மானம். இந்தப் பொங்கலுக்குத் தலைவர் கஸ்தூரிரங்கனை ஆயுள் தலைவராக்கப் போகிறார்கள். நஞ்சுண்டனின் கம்பெனி முதலாளியும் அவரே. நஞ்சுண்டனுக்குக் கிரீன் கார்டு அப்ளை பண்ணியிருப்பவரும் அவரே.

“கார்டு கைக்கு வரட்டும். அப்புறம் எலியாஸ் ஆகிக்கோங்க” என்றாள் சாரதா, லாண்ட்ரி ரூமில்.

“அப்புறம்னா யார் வேணும்னாலும் ஆகலாமே.”

[இந்தப் பாத்திரத்தை நான் நம்பவில்லை. குழாய் ஒழுகினால் மேனேஜரிடம் சொல்ல என்னை அனுப்புகிற மனிதர்.]

4

பள்ளிக்கூட காஃபெடீரியாவில் பொங்கல் விழா. “எதிர்ப்பு யாராவது?” என்று மைக்கில் கேட்ட கஸ்தூரிரங்கன், மூச்சுவிடாமல் “யாருமில்ல, தேங்க்...”

நஞ்சுண்டனின் கை உயர்ந்திருந்தது.

முடிவு அ: பாத்ரூம் எங்கே என்று கேட்டார். (எழுதிய எனக்கே வெட்கம்.)

முடிவு ஆ: தலைவர் மனம் நெகிழ்ந்து அவரைக் கட்டிக்கொண்டு... சே, கஸ்தூரிரங்கனை எனக்குத் தெரியாதா?

“கையை இறக்குங்க, நஞ்சுண்டன். ஆபீஸ்ல பேசிக்கலாம்.”

“இங்கயே எண்ணிக்குங்க சார். எதிர்ப்பு ஒண்ணு.”

சாரதா கண்ணை மூடிக்கொண்டாள். ஊர்வம்புக்குப் பேர்போன நான் என் கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டேன். திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்துவிட்டேன். அந்தக் கை இறங்க மறுக்கிறது. கார்டு வந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். உங்களுக்கும் அங்கே ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். கூட்டம் முழுக்க அவரைத் திரும்பிப் பார்க்கிறது.

உங்கள் கை எங்கே இருக்கிறது?