வானத்தில் இரண்டு ஓட்டை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் சட்டைப்பையில் இருக்கும் ஒரு திருட்டுப் பொருளிலிருந்து பிறந்தது. அட்டைத் துண்டு, நீல நிறம், கட்டைவிரல் அகலம். (வைரம் கியரம் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே கிளம்பலாம்.)

2

முதல் தொடக்கம்: ‘நட்பு என்பது ஞாயிறு மதியங்களில் மலரும் ஒரு மாபெரும்…’

சேச்சே! அடித்துவிட்டேன்.

இரண்டாவது: நானும் என் மச்சானும் பல் டாக்டரும் ஞாயிறுதோறும் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஆயிரம் துண்டுப் படம் ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்தோம். ஒரு கலங்கரை விளக்கம், கொஞ்சம் கடல், மீதியெல்லாம் வானம். ஏழு மாதமாக என் மனைவி தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறாள்.*

* அவள் இதைப் பற்றிச் சொன்னதை அச்சில் போட முடியாது.

3

டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டார். தனியாக இருக்க வேண்டாம், இங்கே வந்துவிடுங்கள் என்று வெளியூரில் இருக்கும் மகள் கூப்பிடுகிறாள். அவரும், “இந்தப் படத்த முடிச்சிட்டுத்தாம்பா பொட்டி கட்டுவேன்” என்று சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிறே நான் ஒரு துண்டு வானத்தைப் பைக்குள் போட்டேன். கேவலம்தான். ஆனால் அவர் போய்விட்டால் நானும் மச்சானும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டு என்ன செய்வது? எனக்குப் பயமாக இருந்தது.

4

மச்சான் ஒரு கதாபாத்திரமாகத் தேறுவாரா என்பது சந்தேகம். மூன்றாம் பகுதியைக் கையால் மறைத்துக்கொண்டு அவருக்குப் படிக்கக் கொடுத்தேன்.

“என்ன மச்சான், கதையில எனக்கு ஒரு வேலையும் இல்லையே?”

“நிஜத்துல மட்டும் இருக்கா?”

கோபித்துக்கொண்டார். சரி, ஐந்தில் வேலை தருகிறேன்.

5

போன ஞாயிறு படம் முடிந்தது. ஒரு ஓட்டை இருக்க வேண்டும். இரண்டு இருந்தன. பையைத் தடவிப் பார்த்தேன். என்னிடம் ஒன்றுதான்.

மச்சான் டார்ச்சோடு சோபாவுக்கு அடியில் புகுந்தார். “குப்பையோட கூட்டித் தள்ளிட்டாங்களோ என்னவோ!” (வேலை கொடுத்தாயிற்று.)

டாக்டர் அசையவில்லை. முப்பது வருடம் கடைவாய் இடுக்கில் எள்ளளவு கறுப்பைக் கண்டுபிடித்த மனிதர், பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

“தேடலயா டாக்டர்?”

“எங்க போயிடும்? மெதுவா கெடைக்கட்டும்.” என் முகத்தைப் பார்க்காமல், “பொண்ணுகிட்ட இன்னும் முடியலன்னு சொல்லிடுறேன்” என்றார்.

அட திருடா! எழுந்துபோய்க் கட்டிக்கொள்ளலாம் போல அவ்வளவு அன்பு வந்தது.

6

முடிவு (அ): நான் என் துண்டை வைக்கிறேன். அவரும் அசடு வழியத் தன்னுடையதை வைக்கிறார். பெட்டி கட்டுகிறார். வேண்டாம், இதையும் அடித்துவிட்டேன்.

முடிவு (ஆ): யாரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் சுகமாக…

இதுவும் சரிவராது. நேற்று டாக்டரின் மகள் எனக்கு ஃபோன் செய்தாள்.

“அங்கிள், அப்பாவுக்கு இங்க வர இஷ்டந்தானா? அவருக்குன்னு கட்டில் வாங்கிப் போட்டு ரெண்டு மாசமாச்சு. தெனம் அந்த ரூமப் பெருக்கி வைக்கிறேன். வரலேன்னா வரலேன்னு சொல்லிடுங்க, நான் தாங்கிக்குவேன்.”

“அது வந்தும்மா…” என்று இழுத்தேன். ‘வருவார்’ என்றால் எனக்கு ஆகாது. ‘வரமாட்டார்’ என்றால் அவளுக்கு ஆகாது. சிக்னல் இல்லை என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். இத்தனை பக்கம் கதையளக்கிறவனுக்கு ஒரு வாக்கியம் வரவில்லை.

7

நீங்கள் எங்கள் யாருக்கும் சொந்தமில்லை, பந்தமில்லை. நியாயம் சொல்ல உங்களைவிட்டால் ஆளில்லை.

ஃபோன் அடிக்கிறது. அவள்தான். இந்தாருங்கள், நீங்களே பேசுங்கள்.