பக்கீர் முகம்மது வீட்டு வாசல் செருப்புகள்

கம்பத்து ஏலக்காய் வியாபாரி பக்கீர் முகம்மது அனுப்பும் மெயில் போய்ச் சேராமல் திரும்பினால், அவர் வீட்டு வாசலில் ஒரு ஜோடி செருப்பு வந்து கிடக்கும். 2001 ஆடி மாதம் இது தொடங்கியது. அந்த வாரம் வண்டன்மேட்டு ஏலத்தில் ஏலக்காய் கிலோ அறுநூறைத் தொட்டுவிட்டு இறங்கியது. பன்னீர் திராட்சை கேட்பாரில்லாமல் கிடந்தது. முதல் நாள் காலையில் படியிலிருந்து தெரு வரைக்கும் செருப்பு. வீட்டம்மா மெகருன்னிசா, விருந்தாளிகள் யாரோ சொல்லாமல் வந்துவிட்டார்கள் என்று பதறிப்போய் அறை அறையாகத் தேடினார். ஒருவரும் இல்லை. பால் ஊற்ற வந்த பிச்சையம்மாள் வாசலைப் பார்த்துவிட்டு, "யாரும்மா தவறிட்டாக?" என்று மெதுவாகக் கேட்டாள். யாரும் தவறவில்லை என்று சொல்லியும் நம்பாமல், பாலை ஊற்றிவிட்டுக் கொஞ்சம் அழுதுவிட்டுத்தான் போனாள்.

காரணம், பஸ் ஸ்டாண்டு எதிரே பிரவுசிங் சென்டர் வைத்திருந்த ராயப்பன்பட்டி இமானுவேல் விற்ற ஒரு சிடி. உலகம் முழுக்க ஒரு லட்சம் பேருடைய மெயில் முகவரி அதில் இருந்தது. அவர்களில் எத்தனை பேர் பிறந்தவர்கள், எத்தனை பேர் யாரோ பொழுது போகாமல் தட்டிவிட்ட பெயர்கள் என்று இமானுவேலுக்கே தெரியாது. பக்கீர் முகம்மது அதைக் கேட்கவும் இல்லை. ஒரு லட்சம் என்ற சொல்லே அவருக்குப் போதுமானதாக இருந்தது. வீட்டுக் கூடத்தில் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். கம்பெனி பெயரில் இன்டர்நெட்டில் ஒரு விலாசம் பிடித்து, எழுதப் படிக்கத் தெரியாத மெகருன்னிசா உட்பட வீட்டிலுள்ள எல்லாருக்கும் அதிலேயே ஆளுக்கொரு மெயில் முகவரி போட்டுக் கொடுத்தார். எட்டு மில்லிமீட்டர் பருமன் பச்சை ஏலக்காயை எலுமிச்சம்பழம் அளவுக்குப் படம் பிடித்து, தினம் மூன்று வேளையும், மாத்திரை சாப்பிடுகிற ஒழுங்கோடு, ஒரு லட்சம் பேருக்கும் அனுப்பினார்.

செருப்பு வரத்து கூடியதும் இமானுவேல் நேரில் வந்து சொல்லிப் பார்த்தான். "பாய், திரும்பி வர்ற அட்ரஸையெல்லாம் லிஸ்ட்ல இருந்து அழிச்சிருங்க. இல்லாட்டி நம்ம கம்பெனி பேரையே தடை பண்ணிப்புடுவாக. அப்புறம் உள்ள ஆளுக்கும் போகாது, நமக்கு வர்றதும் வராது."

"ஏப்பா, வந்த கிராக்கிய வாசல்ல இருந்து வெரட்டுனவன் எவனாச்சும் உருப்பட்டிருக்கானா?" என்றார் பக்கீர் முகம்மது. "இன்னிக்கி இல்லாதவன் நாளைக்கி இருப்பான்ல."

அவர் மறுத்ததற்கு வேறு காரணமும் இருந்தது. வாசலில் அத்தனை செருப்பு கிடக்கிற வீட்டைக் கடந்து போகிறவன் உள்ளே பெரிய கூட்டம் என்றுதானே நினைப்பான்? கடன் மனுவைக் கிடப்பில் போட்டிருந்த பேங்க் அதிகாரி ஒருவர் ஜீப்பில் போகும்போது பார்த்துவிட்டு மறுநாளே கையெழுத்துப் போட்டார். பஞ்சாயத்து யூனியன் தலைவர் வழிய வந்து டீ குடித்தார். தேர்தலுக்கு நின்றவர்கள் எல்லாக் கட்சியிலிருந்தும் வந்து, ஆளில்லாத கூடத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பள்ளிவாசலில் சேரும் செருப்பைவிட பக்கீர் முகம்மது வீட்டில் அதிகம் என்று பேச்சு வந்தபோது, அடுத்த ஜமாஅத் தலைவர் அவர்தான் என்று ஊரே முடிவு பண்ணிவிட்டது. அவரை எதிர்த்து நின்ற மர வியாபாரி மட்டும் விடாமல் மதுரையிலிருந்து மூட்டை மூட்டையாகச் செருப்பு வாங்கி வந்து தன் வாசலில் பரப்பினார். எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே அளவு, விலைச்சீட்டுக்கூடக் கிழிக்கவில்லை. ஊர் சிரித்து மாளவில்லை. திரும்பி வந்த செருப்புக்கு உள்ள மரியாதை வாங்கிய செருப்புக்கு வருமா?

இந்தப் பெருமையெல்லாம் ஆண்களுக்கு. மெகருன்னிசாவும் மகள் பாஜிலாவும் பகலெல்லாம் செருப்பை ஒதுக்கி நடைபாதை போட்டார்கள். அப்படி ஒதுக்கும்போதுதான் பாஜிலா ஒன்றைக் கவனித்தாள். சில செருப்புகளின் முனை வீட்டைப் பார்த்து இருந்தது, சிலவற்றின் முனை தெருவைப் பார்த்து. கம்ப்யூட்டரில் திரும்பி வந்திருந்த மெயில்களோடு ஒத்துப் பார்த்தாள். பெட்டி நிறைந்துவிட்டது, பிறகு அனுப்பிப் பாருங்கள் என்று திரும்பியவர்களின் செருப்பு வீட்டைப் பார்த்துக் கிடந்தது. அப்படி ஒருவர் இங்கே இல்லவே இல்லை என்று திரும்பியவர்களின் செருப்பு தெருவைப் பார்த்துக் கிடந்தது. தெருவைப் பார்த்துக் கிடப்பதை எத்தனை தடவை திருப்பி வைத்தாலும் காலையில் தெருவைத்தான் பார்த்தது.

பாஜிலாவுக்கு இதில் அக்கறை உண்டு. அவளுடைய கணவன் ஹக்கீம் மஸ்கட்டில் ஒரு குளிர்பதனக் கம்பெனியில் கணக்கு எழுதினான். அவனுக்குத் தாய் தகப்பன் இல்லாததால் கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம் அவளை அப்பன் வீட்டில் விட்டுவிட்டு விமானம் ஏறியவன். வெள்ளிக்கிழமைதோறும் போன் வரும். போன் இருந்ததோ கூடத்தில், பக்கீர் முகம்மது உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்குப் பக்கத்தில். அவர் எடுத்து ஏலக்காய் விலையை ஆதியோடந்தமாகச் சொல்லி முடித்துவிட்டு ரிசீவரை மகளிடம் நீட்டுவார். "நல்லாருக்கீகளா?" "நல்லாருக்கேன். நீ?" "நல்லாருக்கேன்." அத்தா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் இருக்க வேறென்ன பேச முடியும்? புருஷன் பெண்டாட்டியாக அவர்கள் பேசிக்கொண்டது மெயிலில் மட்டும்தான்.

2002 தொடக்கத்தில் ஹக்கீம் எழுதினான்: கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள், குறைந்த சம்பளத்துக்கு இன்னும் மூன்று வருஷம் கையெழுத்துப் போடவா, இல்லை ஊருக்கு வந்துவிடவா, நீ சொல்கிறதுதான். அவள் யோசிக்கவே இல்லை. 'வந்துருங்க' என்று ஒரே சொல்லை எழுதி அனுப்பினாள். மறுநாள் காலையில் வாசலில் ஹக்கீமின் செருப்பு கிடந்தது. கல்யாணத்துக்கு மதுரையில் எடுத்த தோல் செருப்பு, இடது குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்தது. ஆள் வந்துவிட்டார் என்று பாஜிலா வீடு முழுக்க ஓடினாள். மாடிக்கு ஓடினாள். கொல்லைக்கு ஓடினாள். கடைசியில் வாசலுக்கு வந்து உட்கார்ந்து, செருப்பை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். ஹக்கீமுக்கு அங்கே காலில் ஒரு ஜோடி இருக்கும்போது இங்கே ஒரு ஜோடி எப்படி என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. மற்ற செருப்புகளுக்கு இல்லாத கேள்வி இதற்கு மட்டும் எதற்கு?

செருப்பின் முனை வீட்டைப் பார்த்துத்தான் கிடந்தது. பெட்டி நிறைந்திருந்தது. எதனால் நிறைந்தது என்று இமானுவேல்தான் கண்டுபிடித்தான். பக்கீர் முகம்மது தம் லிஸ்டில் மருமகனையும் சேர்த்திருந்தார். தினம் மூன்று வேளை, எலுமிச்சம்பழம் அளவு ஏலக்காய். அந்தக் காலத்தில் இலவச மெயில் பெட்டி ஒன்று தாங்குவது எவ்வளவு? பெண்டாட்டியின் ஒரு சொல் நுழைய இடமில்லாதபடி மாமனாரின் சரக்கு அடைத்துக்கொண்டிருந்தது.

"அத்தா, அவுக பேர மட்டுமாச்சும் எடுத்துருங்க" என்று பாஜிலா கெஞ்சினாள்.

"சொந்த மருமகனையே லிஸ்ட்ல இருந்து எடுத்தா ஊர் என்னத்தா சொல்லும்?" என்றார் அவர். எடுக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து அந்தச் செருப்பு தெருவைப் பார்த்துத் திரும்பியது. அப்படி ஒருவர் இங்கே இல்லை. போன் மட்டும் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தது. இத்தனைக்கும் மருமகன் இப்போதெல்லாம் ஏலக்காய் விலையை மாமனாருக்கு முந்திச் சொன்னான். கடல் கடந்து போயும் தொழில் ஞாபகம் விடவில்லை பாருங்கள் என்று பக்கீர் முகம்மது வருவோர் போவோரிடமெல்லாம் பெருமையடித்தார். செருப்பில் காலைதோறும் புதிதாகச் செம்மண் அப்பியிருந்தது. மஸ்கட்டில் மண் இல்லாமலா இருக்கும் என்றார். ஒருநாள் வாரில் ரத்தம் குடித்த அட்டை ஒன்று ஒட்டிக்கொண்டு கிடந்தது. மஸ்கட்டில் அட்டையும் இருக்கும் என்றார்.

2003 ஐப்பசியில் இமானுவேல் சொன்னது நடந்தது. கம்பெனி பெயரையே தடை பண்ணிவிட்டார்கள். பக்கீர் முகம்மது வீட்டிலிருந்து எந்த மெயிலும் வெளியே போகவில்லை. உள்ளே வருவது நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. திரும்பிய மெயில்களே வீட்டுப் பெட்டிகளையெல்லாம் அடைத்துக்கொண்டிருந்தன, அதை யாரும் கவனிக்கவில்லை. ஒழுங்காகப் பணம் கொடுத்துச் சரக்கெடுத்துக்கொண்டிருந்த நாற்பது சொச்சம் வியாபாரிகளின் செருப்பும் வாசலுக்கு வந்தது. கிடங்கில் ஏலக்காய் நிறம் வெளுத்தது. பக்கீர் முகம்மது கவலைப்பட நேரமில்லாமல் ஜமாஅத் தேர்தலில் ஓடிக்கொண்டிருந்தார்.

தேர்தல் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்ததும். அத்தா பள்ளிவாசலுக்குக் கிளம்பிப் போனதும் பாஜிலா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து லிஸ்டைத் திறந்தாள். முதல் பெயரை அழித்தாள். வாசலில் ஒரு ஜோடி செருப்பு எழுந்து, வலது முன்னால் இடது பின்னால் என்று முறையாகத் தெருவில் இறங்கி நடந்தது. அடுத்த பெயர், அடுத்த ஜோடி. பிறகு நூறு நூறாக அழித்தாள். செருப்புக் கூட்டம் பள்ளிவாசலைக் கடந்து மெயின் ரோட்டைப் பிடித்தது. போக்குவரத்து போலீஸ்காரர் கை காட்டி நிறுத்த, நின்று, பஸ்ஸை விட்டுவிட்டு மறுபடி போனது. தொழுகை முடிந்து வெளியே வந்தவர்கள் அதைப் பக்கீர் முகம்மதுவின் ஆதரவு ஊர்வலம் என்று நினைத்தார்கள். செருப்பு ஊர்வலம் கௌரவமா அவமானமா என்று சிறிது விவாதம் நடந்தது. கூட்டம் பெரிதாக இருந்ததால் கௌரவம்தான் என்று முடிவாகி, அவரையே ஜெயிக்க வைத்தார்கள். சொந்தக்காரன் உள்ள செருப்புகள் அவனவன் ஊர்ப்பக்கம் பிரிந்து போயின. சொந்தக்காரனே இல்லாதவை சுருளிப்பட்டி வரை போய், ஆற்றங்கரையில் கொஞ்சம் தயங்கி, தண்ணீரில் இறங்கின. அந்தப் போகம் வயலுக்கு மடை திறந்தவர்கள் வாரும் வளையமுமாக அள்ளிப் போட்டார்கள்.

சாயங்காலம் வாசலில் வியாபாரிகளின் செருப்பு போக, ஒரு ஜோடி மிச்சம். லிஸ்டில் கணவன் பெயருக்கு வந்ததும் பாஜிலா நிறுத்திக்கொண்டாள்.

"அழிச்சா போயிருமேம்மா" என்றாள்.

மெகருன்னிசா செருப்பைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "போனாப் போகட்டும். எங்கன போகுதுன்னு நீயும் கூடப் போய்ப் பாரேன்" என்றார்.

பாஜிலா செருப்பை எடுத்து வந்து காலில் மாட்டிக்கொண்டாள். இரண்டு விரற்கடை பெரிது. கணவனின் பெயரை அழித்தாள். அழித்த கையை எடுப்பதற்குள் கால் வாசல்படியைத் தாண்டியிருந்தது. மெகருன்னிசா பர்தாவையும் கைப்பையையும் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிவந்து தெருமுனையில்தான் கொடுத்தார். விமான நிலையம் உள்ள மதுரைப் பக்கம் போகும் என்று அவள் நினைத்திருக்க, செருப்பு தெற்கே திரும்பியது. கூடலூர் தாண்டியது. லோயர் கேம்ப் தாண்டி மலையேறியது. செக்போஸ்டில் எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு, தெரியவில்லை, செருப்பைக் கேளுங்கள் என்றாள். செருப்பைக் குனிந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். மஸ்கட் இவ்வளவு பக்கத்திலா இருக்கிறது என்று அவளுக்கு முதலில் தோன்றியது. பிறகு செம்மண்ணும் அட்டையும் நினைவுக்கு வந்தன. அதற்கப்புறம் செருப்பு நடக்கவில்லை, அவள்தான் நடந்தாள். அவ்வளவு கோபம்.

குமுளியில் ஏலக்காய்க் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே ஓட்டு வீடு ஒன்றின் பின்கட்டு அறை முன்னால் செருப்பு நின்றது. நிற்கக் கொஞ்சம்தான் இடம். வாசல், படி, கிணற்றடி, மதில்மேல் எல்லாம் பெண்கள் செருப்பு. வீட்டுக்காரர் குரியன் வெளியே வந்து, "இனியும் ஒராளோ?" என்று தலையில் கை வைத்தார். அறையில் இருக்கும் தமிழன் யோக்கியன் மாதிரி இருந்துகொண்டு தினம் ஒருத்தியைக் கூட்டி வருகிறான், உள்ளே எத்தனை பேர் என்று தெரியவில்லை, அதற்காக இரண்டு தடவை வாடகையைக் கூட்டியும் ஆள் அசையவில்லை என்று மலையாளம் பாதி தமிழ் பாதியாகப் புலம்பினார். பாஜிலா குனிந்து பார்த்தாள். எல்லாம் ஒரே அளவு. எல்லாவற்றிலும் வலது கால் வாருக்கு ஊக்கு குத்தியிருந்தது. கம்பத்தில் அவள் வீட்டில் விட்டுவிட்டு வந்த செருப்பு அது.

ஹக்கீம் கதவைத் திறந்தான். மஸ்கட்டில் கையெழுத்துப் போடவா வரவா என்று கேட்டுப் பதில் வராமல், கையெழுத்தும் போடாமல், வந்துவிட்டவன். வா என்று பெண்டாட்டி ஒரு வார்த்தை சொல்லாமல் வெறுங்கையோடு மாமனார் வீட்டுப் படியேற ரோஷம் விடவில்லை. குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கெழுதிக்கொண்டு, ஏலக்காய்ப் படம் வந்து விழுந்துகொண்டே இருந்த பழைய மெயிலை மூடிவிட்டுப் புதிது திறந்து, தினமும் 'வரவா?' என்று அவளுக்கு எழுதியிருக்கிறான். எழுதியதெல்லாம் திரும்பி வந்திருக்கிறது. வாசலில் அவள் செருப்பெல்லாம் வீட்டைப் பார்த்துக் கிடந்தன.

"தெனமும் எழுதுனேன் பாஜிலா" என்றான்.

அவள் கைக்கு எட்டிய தன் செருப்பில் ஒன்றை எடுத்து ஓங்கி ஒரு அடி அடித்தாள். குரியன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"இருவத்தி மூணு கிலோமீட்டரு. பஸ்ஸுல ஏறி வந்து கேக்க மாட்டீகளா?" என்று கேட்டுவிட்டு அந்தச் செருப்புக் குவியல்மேலேயே உட்கார்ந்து அழுதாள்.  

மாப்பிள்ளை மஸ்கட்டிலிருந்து நேராகக் குமுளியில் வந்து இறங்கிவிட்டார் என்று ஜமாஅத் தலைவர் அறிவித்தார், யாரும் விளக்கம் கேட்கவில்லை. ஒரு லட்சத்தில் மிஞ்சிய நாற்பது சொச்சம் பேரும், லிஸ்ட் சுத்தமானதால் தடை நீங்கிய வாரமே பதில் போட்டுச் சரக்கு எடுத்தார்கள். லிஸ்ட் இப்போது பாஜிலா கையில். திரும்பி வந்த பெயரை அன்றைக்கே எடுத்துவிடுவாள். வாசல் வெறிச்சென்று இருக்கிறது என்று பக்கீர் முகம்மது கடைசிவரை குறைபட்டுக்கொண்டார்.

குமுளிச் செருப்புகள் ஜீப்பில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. தூக்கிப் போட அவள் சம்மதிக்கவில்லை. ஒரு ஜோடி தேய்ந்ததும் அடுத்ததைப் பிரித்தாள். பிரிக்கும்போதெல்லாம் ஹக்கீமைக் கூப்பிட்டு, "இதுல என்ன எழுதியிருந்தீக?" என்று கேட்பாள். அவன் சொல்லியாக வேண்டும். வரவா என்று மட்டும் சொன்னால் விடமாட்டாள், வேறென்ன என்பாள். பாதி இட்டுக்கட்டுகிறான் என்று அவளுக்குத் தெரியும். 2010 ரம்ஜானுக்குப் புதுச் செருப்பு எடுத்துத் தரட்டுமா என்று அவன் கேட்டான். இன்னும் ஒன்றரை மூட்டை பாக்கி இருக்கிறது, அதைச் சொல்லி முடியுங்கள் என்றாள்.