அப்பா மறுத்த வரன்கள்

கொட்ரப்பா ஒரு முறை உள்ளே நுழைந்த இணையதளத்திலிருந்து வெளியே வந்ததில்லை. மகளுக்கு வரன் பார்க்கும் தளம் அவர் கைப்பேசியில் எந்நேரமும் திறந்தே கிடந்தது. தாவணகெரே பேருந்து நிலையத்தில் கன்ட்ரோலராக இருந்து ஓய்வு பெற்றவர். பேருந்துகளை அனுப்பிய அதே ஆவலோடு இப்போது எல்லாருக்கும் காலை வணக்கப் படங்களை அனுப்பினார். பதிலுக்கு யார் எந்தப் பூவை அனுப்பினாலும் தொட்டுப் பார்த்துவிடுவார்.

மகள் ஸ்பூர்த்திக்கு இந்த இரண்டு பழக்கமும் தெரியும். வீட்டில் இருவர்தான். இணையதளங்களில் ஓட்டை தேடுவது அவள் வேலை; பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே செய்தாள். வரன் தளத்தின் ஓட்டை அவள் தேடாமலே கிடைத்தது. அப்பாவின் கைப்பேசியிலிருந்து எது வந்தாலும் அப்பாவே அனுப்பியது என்று அது நம்பியது. அவர் விரல் பட்டதா, வேறொரு பக்கம் கிளப்பிவிட்டதா என்று அது பார்ப்பதில்லை.

கல்யாணம் இப்போது வேண்டாம் என்று அவள் இரண்டு முறை நேரே சொல்லியிருந்தாள். இரண்டு முறையும் அப்பா, "சரி புட்டம்மா" என்றார். இரவில் ஒரே ஒரு ராகி முத்தேயோடு, ஒற்றைக் களி உருண்டையோடு, எழுந்துவிட்டார். மூன்றாவது முறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

செம்பருத்திப் படம் போட்டு ஒரு பக்கம் செய்து அனுப்பினாள். அப்பா பூவைத் தொட்டார். பூவுக்குப் பின்னாலிருந்து, அவர் பெயரில், தளத்துக்கு ஒரு பதில் போனது: விருப்பமில்லை. அடுத்த வரனுக்குத் தாமரை. அதற்கடுத்த வரனுக்கு மல்லிகை.

மல்லிகை போன மறுநாள் ராணெபென்னூரிலிருந்து பையனின் அப்பா கூப்பிட்டார். கொட்ரப்பா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"என்ன சார் நீங்க? நீங்களே வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிட்டீங்க. நீங்களே வேண்டாம்னு அனுப்பறீங்க. எங்களை என்னன்னு நினைச்சீங்க?"

"நானா?"

"உங்க பேர்லதான் வந்திருக்கு."

அப்பா தளத்தைப் பார்த்தார். மூன்று வரன்களையும் அவர் மறுத்ததாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். ஸ்பூர்த்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு மடிக்கணினியில் குனிந்தாள்.

மறுநாள் காலை சமையலறையில் அவர் ஹூப்ளி பஸ்ஸின் ஸ்டாப்புகளை வரிசையாகச் சொல்லிப் பார்க்கும் குரல் கேட்டது. "ஹரிஹர், ராணெபென்னூர், ஹாவேரி…" நின்றது. மறுபடி முதலிலிருந்து. "ஹரிஹர், ராணெபென்னூர், ஹாவேரி, பங்காபுர், ஷிக்காவ், ஹூப்ளி." அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

"அப்பா, பால்!"

"பாத்துட்டுதான் இருக்கேன்," என்று அடுப்பை அணைத்தார்.

அவருடைய அண்ணனுக்கும் மறதி இப்படித்தான் தொடங்கியது. முதலில் பால். கடைசியில் கூடப்பிறந்த தம்பியைப் பார்த்தே, "நீங்க எந்த பஸ்ஸுக்கு நிக்கறீங்க?" என்று கேட்டார்.

சாப்பிடும்போது அப்பா ஸ்கூட்டர் சாவியை அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நீயே வச்சுக்கோ. நான் செய்யறது எனக்கே ஞாபகம் இல்ல. உன் பேரை மறக்கறதுக்குள்ள உன் கல்யாணத்தைப் பாத்துடணும். அவ்வளவுதான்."

அவள் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள்.

"அப்பா, அதை நீங்க செய்யல. நான்தான் செஞ்சேன்."

"சரி."

"நிஜமா. நான் அனுப்பின பூவெல்லாம்…"

"உன் பெரியப்பாகிட்ட நானும் இப்படித்தான் சொல்லுவேன். சாவியைத் தொலைச்சது நீ இல்லண்ணா, நான்தான்னு." அவள் தலையைத் தடவினார். "நல்ல பொண்ணு."

அவள் மடிக்கணினியை இழுத்தாள்.

"உங்களுக்குப் பிடிக்காத வரன் ஒண்ணு சொல்லுங்க."

"அந்த மீசைக்காரன். போட்டோல காரைக் கட்டிப் பிடிச்சுட்டு நிக்கறானே."

ஒரு ரோஜா போனது.

"தொடுங்க. தொட்டுட்டு ரெண்டு கையையும் மேசைமேல வைங்க."

தொட்டார். கைகளை மேசைமேல் வைத்தார். அவள் தளத்தைத் திறந்து காட்டினாள். மீசைக்காரனை அவர் மறுத்திருந்தார்.

"இன்னொரு தடவை."

இன்னொருவனும் போனான்.

"ஓஹோ," என்றார் அப்பா. "என் சீல் மேசைமேலயே கிடக்கு. எவன் வேணா குத்தி வண்டியை அனுப்பலாம். பழி கன்ட்ரோலருக்கு."

"அதேதான்."

"அப்ப என் மண்டைக்கு ஒண்ணும் இல்ல?"

"இல்லப்பா."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. துண்டை எடுத்ததும் அவள் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு விழுந்தது.

"திருட்டுக் கழுதை! வேண்டாம்னு என்கிட்ட சொல்ல வாய் இல்லையா?"

"சொன்னா நீங்க சாப்பிட மாட்டேங்கறீங்க. ஒரு முத்தேயோட எழுந்துடறீங்க."

"சர்க்கரைடீ! டாக்டர் குறைக்கச் சொன்னாரு!"

சாவியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"முதல்ல ராணெபென்னூருக்குப் போன் பண்ணி மன்னிப்பு கேளு. அப்புறம் அந்தத் தளத்துக்காரனுக்கு எழுது. இன்னும் எத்தனை அப்பன் ஸ்டாப் பேரைச் சொல்லிட்டு உக்காந்திருக்கானோ."

இரண்டையும் செய்தாள். முதலாவது கஷ்டமாக இருந்தது.

தளத்துக்காரர்கள் ஓட்டையை அடைத்தார்கள். இப்போது தளம் தன் பக்கத்தில் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு ரகசிய முத்திரை வைத்தது. அது இல்லாமல் வரும் பதிலை ஏற்பதில்லை. சோதித்துப் பார்க்க ஸ்பூர்த்தி ஓர் அரளிப்பூ அனுப்பினாள். அப்பா தொட்டார். அது வெறும் பூவாகவே இருந்தது.

அடுத்த வாரம் கூடத்திலிருந்து கூப்பிட்டார்.

"புட்டம்மா, சிவமொக்கா பையன். லட்சணமா இருக்கான். என்ன சொல்லட்டும்?"

அவள் வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வேண்டாம்ப்பா. இந்த வருஷம் யாரும் வேண்டாம்."

அவர் விரல் சிறிது நேரம் திரைக்கு மேலேயே நின்றது. பிறகு அவரே அழுத்தினார்.

இரவில் ஒரு முத்தேயோடு எழுந்தார். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சர்க்கரை," என்றார்.