கரும்பலகையில் ஒரு திருத்தம்

கோர்ட்டுக்கு எதிர்வரிசையில், ஜெராக்ஸ் கடையை ஒட்டிய சுவரில் ஒரு கரும்பலகை தொங்கியது. சாயங்காலம் கோர்ட் கலைந்ததும், கறுப்புக் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வக்கீலம்மா சாக்பீஸை எடுப்பாள். அன்றைக்கு உள்ளே நடந்தது நாலைந்து வரியில் பலகைக்கு வந்துவிடும்.

"இன்று வழக்குகள் நாற்பத்திரண்டு. விசாரித்தது ஏழு. மற்றதெல்லாம் வாய்தா, இன்னொரு நாள் வரச் சொல்லிவிட்டார்கள்."

"'திருடன் சிக்கினான்' என்று காலைப் பேப்பரில் போட்டிருக்கிறார்கள். சிக்கியவர் திருடனா இல்லையா என்று கோர்ட் இன்னும் சொல்லவில்லை. பேப்பர்காரருக்கு யார் சொன்னது?"

பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். அவளுக்குப் பலகை வக்கீல் என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஜெராக்ஸ் கடை அவள் தம்பியுடையது. சுவரும் அவனுடையதுதான் என்பதால் பயமும் அவனுக்குத்தான்.

"அக்கா, நீ கேஸ் நடத்துறியா, பேப்பர் நடத்துறியா?"

"உள்ள நான் பேசறதுல பாதியை டைப் அடிக்க மாட்டேங்கறாங்கடா. மீதியை வெளிய நானே எழுதிக்கறேன்."

"ஜட்ஜ் கோச்சுக்கப் போறார்."

"ஜட்ஜை நான் ஒரு வார்த்தை திட்டினதில்லை. அவர் செஞ்சதை எழுதறேன். படிச்சா திட்டற மாதிரி இருந்தா அதுக்கு நானா பொறுப்பு?"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எழுதியதுதான் வினையாகப் போயிற்று. ஒரு பைக் மெக்கானிக்கின் வழக்கு. யாரோ ரிப்பேருக்கு விட்டுப்போன வண்டி திருட்டு வண்டியாக இருந்தது. வண்டி இவன் கடையில் நின்றதால் இவனைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். ஜாமீன் கேட்டு அவள் மனுப் போட்டாள். மனு கூப்பிடும்போதெல்லாம் பெஞ்ச் கிளார்க் எழுந்து நின்று, "கட்டு காணலைங்கய்யா" என்பார். சிவப்பு நாடா கட்டிய அந்த வழக்குக் கட்டு இல்லாமல் ஜட்ஜ் மனுவைத் தொடமாட்டார். அவள் பலகையில் எழுதினாள்: "மெக்கானிக் உள்ளே போய் எழுபத்தொரு நாள். ஜாமீன் மனு ஒன்பது முறை வாய்தா. கட்டு காணவில்லையாம். கட்டு தொலைந்தால் ஆளை ஏன் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறீர்கள்?"

செவ்வாய்க்கிழமை மனு பதினோரு மணிக்கு வருவதாக இருந்தது. ஒன்பதரைக்குப் பெஞ்ச் கிளார்க்கே நேரில், ஜெராக்ஸ் கடையை ஒட்டிய அவள் ஆபீசுக்கு வந்தார். கையில் ஒரு நீளக் கவர்.

"கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்க மேடம். ஐயா பலகையைப் பத்திக் கேட்டு ரொம்ப வருத்தப்பட்டு நோட்டீஸ் போட்டிருக்கார். இன்னிக்கே மன்னிப்பு எழுதிக் கொடுத்துட்டா இதோட முடிஞ்சிடும். இல்லைன்னா உங்க லைசென்ஸை நிறுத்தி வைக்கச் சொல்லி மேல எழுதறதா இருக்கார்."

"மெக்கானிக் மனு?"

"அதுவும் அவர் கைலதானே இருக்கு." கிளார்க் பல் தெரியச் சிரித்துவிட்டுப் போனார்.

அவர் படியிறங்கவும் மெக்கானிக்கின் மனைவி படியேறவும் சரியாக இருந்தது. விஷயத்தை வாசலிலேயே கேட்டுவிட்டாள் போலிருக்கிறது, நாற்காலியில்கூட உட்காரவில்லை.

"அக்கா, உங்க பலகையால எங்களுக்கு என்ன வந்துச்சு?"

"அவர் பேரை நான் போடலைம்மா. மெக்கானிக்னுதான் போட்டேன்."

"இந்த ஊர்ல எத்தனை மெக்கானிக் எழுபத்தொரு நாளா உள்ள இருக்கான்? புள்ளையை ஸ்கூல்ல பலகைன்னே கூப்பிடறாங்க." அவள் குரல் உயரவில்லை. "மன்னிப்புன்னு ஒரு வார்த்தை. சொன்னா உங்க வாய் தேஞ்சா போயிடும்? உங்க ரோஷத்துக்கு எங்க வீட்டுக்காரர் ஏன் உள்ள கிடக்கணும்?"

வக்கீலம்மாவுக்குச் சுருக்கென்றது. அந்தப் பெண் கேட்டதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

"உட்காரும்மா. எழுதித் தர்றேன்."

வெள்ளைத் தாளை எடுத்தாள். 'மாண்புமிகு' வரை எழுதியாயிற்று. நோட்டீஸ் எண்ணைப் பார்த்து எழுதக் கவரைப் பிரித்தாள். "ஒன்பது முறை என்று பொதுமக்களுக்குத் தவறான கணக்குக் காட்டி" என்று நோட்டீஸில் இருந்தது. கணக்குத் தவறு என்பதற்கு ஆதாரமாகச் சில ஜெராக்ஸ் தாள்களைக் கோத்திருந்தார்கள். ஒவ்வொரு தேதியிலும் மனு என்ன ஆயிற்று என்று குறித்து, கீழே ஜட்ஜ் கையெழுத்துப் போடும் தாள்கள். தேதிகளை விரல்விட்டு எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். பிறகுதான் தாளின் வலது ஓரம் கண்ணில் பட்டது. மேலிருந்து கீழ்வரை கரிக்கோடு ஒன்று. எல்லாத் தாளிலும் அதே இடத்தில்.

பேனாவை மூடினாள். "டேய் தம்பி, இங்க வா."

தம்பி கை துடைத்துக்கொண்டே வந்தான்.

"இது யார் மெஷின் கோடு?"

"நம்ம மெஷின்தான். எத்தனை தடவை சர்வீஸ் பண்ணாலும் போக மாட்டேங்குது. கோர்ட் மெஷின் ரிப்பேராம், காலைல கிளார்க் வந்து ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போனார்."

"எதுலேர்ந்து எடுத்தார்? உதிரித் தாளா?"

"இல்லையே. சிவப்பு நாடா போட்ட பெரிய கட்டு. பிரிக்காதே, அப்படியே வச்சு எடுன்னார். என் கைதான் வலிச்சுது." சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றான். "ஐயையோ. அந்தக் கட்டா?"

"அந்தக் கட்டுதான்டா. என்னை மாட்டிவிடறதுக்கு அவங்களே தேடி எடுத்துட்டாங்க."

மெக்கானிக்கின் மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ மன்னிப்பு?"

"கேக்கறேம்மா. ஒரு தப்பு செஞ்சிருக்கேன், அதுக்கு நிச்சயம் கேக்கறேன். தம்பி, கடையைச் சாத்திட்டு வா. நீ கோர்ட் வாசல்ல நிக்கணும்."

"நானா? என் சுவரை எடுத்தே, இப்ப என்னையுமா?" என்றான். ஆனால் ஷட்டரை இழுத்துவிட்டான்.

பதினோரு மணிக்குக் கோர்ட் ஹாலில் நிற்க இடமில்லை. பலகை வக்கீல் பணியப் போகிறாள் என்ற செய்தி அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. ஜட்ஜ் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"மன்னிப்பு கொண்டுவந்திருக்கீங்களா?"

"ஒரு தப்புக்கு மன்னிப்பு கேக்கறேங்கய்யா." கிளார்க்கின் முகம் மலர்ந்தது. "ஒன்பது தடவைன்னு எழுதிட்டேன். பத்து. ஒரு நாள் எனக்குக் காய்ச்சல், வரலை. அதை எண்ணாம விட்டுட்டேன். நோட்டீஸோட கொடுத்த தாளைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

"இது கோர்ட். உங்க பலகை இல்லை."

"ஆமாங்கய்யா. அதனாலதான் மனுவைப் பத்திப் பேசறேன். இந்தத் தாள் அந்தக் கட்டுக்குள்ள தச்சிருக்கற தாள். 'கட்டு காணவில்லை'ன்னு இதுல பத்து தடவை எழுதியிருக்கு. காணாமப் போன கட்டைத் திறந்து, அதுக்குள்ளயே, கட்டு காணலைன்னு எழுதியிருக்காங்க. கீழ ஐயாவோட கையெழுத்து."

ஜட்ஜ் தாளை வாங்கிப் பார்த்தார். முதல் பக்கம், இரண்டாம் பக்கம். தன் கையெழுத்தையே புதிதாகப் பார்க்கிறவர் மாதிரி வெகுநேரம் பார்த்தார். பிறகு கிளார்க்கைப் பார்த்தார். கிளார்க் மின்விசிறியைப் பார்த்தார்.

"கட்டு எங்கே?"

"தேடிப் பாக்கணுங்கய்யா."

"இன்னிக்குக் காலைல ஜெராக்ஸ் கடை மேஜை மேல இருந்துதுங்கய்யா," என்றாள் வக்கீலம்மா. "கடைக்காரர் வாசல்லதான் நிக்கறார். கூப்பிடட்டுமா?"

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. கிளார்க் தன் முதுகுக்குப் பின்னாலிருந்த அலமாரியைத் திறந்தார். கட்டு வந்தது. பத்து வாய்தாவாகத் தொடாத மனுவை விசாரிக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. வாரம் ஒருமுறை ஸ்டேஷனில் கையெழுத்துப் போடவேண்டும் என்ற நிபந்தனையோடு ஜாமீன். மெக்கானிக்கின் மனைவி முந்தானையால் வாயை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க நோட்டீஸ்," என்று ஜட்ஜ் தயங்கினார். கண்ணாடியைக் கழற்றினார். "அடுத்த மாசம் பாத்துக்கலாம். அதுக்குள்ள அந்தப் பலகையை அழிச்சிடுங்க."

"தப்பா இருக்கறதை இன்னிக்கே அழிச்சிடறேங்கய்யா."

சாயங்காலம் பலகை முன்னால் வழக்கத்தைவிடக் கூட்டம். வக்கீலம்மா ஈரத் துணியால் 'ஒன்பது' என்ற ஒரு வார்த்தையை மட்டும் துடைத்து, காய்ந்ததும் 'பத்து' என்று எழுதினாள். கீழே, "கட்டு கிடைத்தது. ஆள் வீட்டுக்குப் போகிறார்" என்று சேர்த்தாள்.

"அக்கா, உன் நோட்டீஸ் இன்னும் உயிரோடதான் இருக்கு," என்றான் தம்பி மெல்ல. "லைசென்ஸ் போச்சுன்னா?"

"போனா அதையும் எழுதணும். சாக்பீஸுக்கு லைசென்ஸ் வேணாம்டா."

சாக்பீஸைத் திருப்பிப் பிடித்துக் கடைசி வரியை எழுதினாள். "வக்கீல் மீது நோட்டீஸ். வாய்தா: ஒன்று." பக்கத்தில் மீதி எண்ணிக்கைக்குத் தாராளமாக இடம் விட்டாள்.