சாவுக் காட்சி முடிந்ததும்

பாடை கட்டியாகிவிட்டது. கோடித்துணி வந்துவிட்டது. ஓய்ந்திருந்த பறையும் மறுபடி தொடங்கிவிட்டது. காத்தாயி மட்டும் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

"பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும் மதி. அண்ணிய கூட்டியா. வாய்க்கரிசி போட வேணாமா?" என்றார் சித்தப்பா நெடுமாறன். மத்தியானத்திலிருந்து இதே பாட்டுதான். மதிவதனிக்குக் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்தே கால் ஓய்ந்துவிட்டது.

கூடத்தில் அவள் அப்பா மருதையன் கிடந்தார். விடியற்காலையில் டீ குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தவர், நிமிரவில்லை. ஒரு காலத்தில் பாபநாசத்தைச் சுற்றி எந்தத் திருவிழா நாடகம் என்றாலும் நோட்டீசில் அவர் பெயர் இருக்கும். டிவிக்குப் போன பிறகு, சீரியலில் யாராவது சாக வேண்டுமென்றால் மருதையனைக் கூப்பிடு என்றானது. குடமுருட்டி ஆற்றில் முங்கி முங்கி வளர்த்த மூச்சு. கேமரா முகத்துக்கு நேரே வந்து நின்றாலும் நெஞ்சு அசையாது. பண்ணையாராக, கதாநாயகியின் தகப்பனாக, ஓய்வுபெற்ற நீதிபதியாக, மனுஷர் விதவிதமாகச் செத்தார். அந்தச் சாவுகளில்தான் இந்த வீட்டுக்கு மாடி எழும்பியது, மதிவதனி பி.எட். முடித்தாள்.

ஊரே பார்த்து அழுத அந்தக் காட்சிகளில் ஒன்றைக்கூட அவர் மனைவி காத்தாயி பார்த்ததில்லை. படப்பிடிப்பில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடித்தால்தான் தோஷம் கழியும். மருதையன் அதோடு விடமாட்டார். மேக்கப்பைத் துடைத்துவிட்டுத் தன் போனிலும் ஒரு முறை சிரித்து, அந்தப் படத்தைக் காத்தாயிக்கு அனுப்புவார். அது வந்து சேரும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் அவள் அடுப்படியில் உட்கார்ந்திருப்பாள்.

இப்போதும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். மடியில் போன்.

"அம்மா, எழுந்திரும்மா. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

"நான் வரல. அவரு செத்துக் கெடக்கறத நான் பாத்ததே இல்லடி. நீங்க கொண்டு போங்க."

"அப்புறம் எப்பவுமே பாக்க முடியாதும்மா."

காத்தாயி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மதிவதனிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. முகம் பார்க்காமல் அனுப்பிவிட்டால் அம்மா இருக்கிற நாளெல்லாம் இந்த அடுப்படியிலேயே காத்துக்கிடப்பாள்.

வாசலில், "தூக்கிருவோமா?" என்று யாரோ கேட்டார்கள். மதிவதனி கூடத்துக்கு ஓடி, அலமாரியில் சார்ஜில் கிடந்த அப்பாவின் போனை எடுத்தாள். செய்வது சரியா தப்பா என்று யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டாள். சிரிக்கும் படங்கள் எல்லாம் அழியாமல் இருந்தன. கையில் பட்ட ஒன்றை அம்மாவுக்கு அனுப்பினாள்.

அடுப்படியில் போன் ஒலித்தது.

மதிவதனி போய்ப் பார்த்தபோது காத்தாயி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான்தான்..."

"தெரியுதுடி," என்றாள் காத்தாயி. "இது நீதிபதியா செத்தப்ப அனுப்புனது. ஒரு மூக்குல பஞ்ச எடுக்க மறந்துட்டுச் சிரிக்கிறாரு பாரு. அன்னைக்கு அவர என்ன ஏச்சு ஏசுனேன்!"

அவள் சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"சரி. அதான் அனுப்பிட்டாருல்ல."

கூட்டம் வழிவிட்டது. பறை நின்றது. காத்தாயி புருஷனின் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்தாள். குளிப்பாட்டியவர்கள் அப்பியிருந்த பவுடரை முந்தானையால் நெற்றி, கன்னம், தாடை என்று பொறுமையாகத் துடைத்தெடுத்தாள். பிறகு வாய்க்கரிசி போட்டாள்.

"எடுக்கலாமா அண்ணி?" என்றார் நெடுமாறன்.

"இருப்பா."

குனிந்த தலை நிமிராமல் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. ஒரு மூக்கில் பஞ்சு நழுவி வெளியே வந்திருந்தது. காத்தாயி அதை விரல் நுனியால் மெல்ல உள்ளே தள்ளி வைத்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டாள்.